கிராகுலின் இடுப்பு

ஸ்லாவ்கா தன்னுடைய பனிச்சறுக்குப் பலகையின் மேல் தானே காரை ஏற்றினாள். பழி போட வேறு ஆள் இல்லை. பண்ணையில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று அழைப்பு வந்ததும் மலையிலிருந்து அப்படியே இறங்கி ஓடியவள், காரின் பின்புறம் சாய்த்து வைத்த பலகைகளை மறந்து வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டாள். இடது பலகை தப்பித்தது. வலது பலகை நடுவில் முறிந்தது. கன்று பிழைத்துக்கொண்டது. அவள் மாட்டு டாக்டர். அன்றைய பொழுது நன்றாகவே போனதாக நினைத்தாள்.

எங்கள் ஸாபர்தோ பள்ளத்தாக்கில் பலகை உடைவது பெரிய செய்தி இல்லை. பெலாவா கம்பெனியின் தொழிற்சாலை ஊர் எல்லையிலேயே இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அங்கே பலகை செய்கிறார்கள். மீதிப் பேர் அதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சாயங்காலம் அவர்களுக்கு விளக்குகிறார்கள். எனக்கு இரண்டிலும் சேர்த்தி இல்லை. கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களைத் தூக்கி வரும் லிஃப்ட் மலை உச்சியில் வந்து சேரும் இடத்தில், விழுகிறவர்களுக்காக அதை நிறுத்துவதும் பிறகு ஓட விடுவதும்தான் என் வேலை.

ஸ்லாவ்கா வைத்திருந்தது கிராகுல் எண்பத்தெட்டு. இறுகிய சரிவு, காடு, புதுப்பனி என்று மலையில் எங்கே வேண்டுமானாலும் போகும் ரகம். எண்பத்தெட்டு என்பது அதன் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம், மில்லிமீட்டரில். ஆமாம், பலகைக்கு இடுப்பு உண்டு. எங்கள் ஊர் ஆண்கள் கல்யாண நாளை மறப்பார்கள், அதை மறக்க மாட்டார்கள்.

டிசம்பரின் அந்தச் சனிக்கிழமை காலை அவள் தொழிற்சாலைக் கடைக்குப் போனபோது வாசலில் கூடாரம் போட்டிருந்தது. தீயணைப்புப் படையினர் சீருடையில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் அக்கார்டியனில் ஏதோ மெதுவான பாட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பங்குச் சாமியார் கையில் தீர்த்தச் செம்பு. யாரோ பெரிய மனிதர் செத்துப்போயிருக்கிறார் என்று ஸ்லாவ்கா நினைத்தாள். பாதி சரி.

மேடையில் கறுப்புத் துணி போர்த்திய ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் பெலாவாவின் ப்ரிமோஷ் லாவ்ரிச். அவருடைய பதவிக்குப் பெயர் தொடர்ச்சி இயக்குநர். கம்பெனி எதையாவது நிறுத்தும்போதெல்லாம் அவர்தான் வந்து பேசுவார்.

"அன்பர்களே, எண்பத்தெட்டு குறையே இல்லாத பலகை. நாங்க மட்டுமா சொன்னோம்? நீங்களும் சொன்னீங்க. வருஷக்கணக்கா அதையே வச்சு ஓட்டிக்கிட்டு, கடைப்பக்கமே எட்டிப் பார்க்காம சொன்னீங்க. அந்த மௌனம் எங்க காதுல விழுந்துச்சு. குறையில்லாத ஒண்ணை வாங்கிட்ட மனுஷன் எவ்வளவு தனியா நிக்கிறான்னு யோசிச்சோம். அவனுக்கு ஒரு குறையைக் கொடுக்கணும்னு எங்க இன்ஜினியர்ங்க ராப்பகலா உழைச்சாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணி விலகியது. உள்ளே இருந்த பலகையின் முதுகில் தொண்ணூறு என்று போட்டிருந்தது. கூட்டம் மூச்சை அடக்கியது. "இடுப்பு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அடிபட்டவன் குரல் மாதிரி. ஓய்வு பெற்ற தபால் அதிகாரி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பக்கத்தில் சிலர் தொப்பியைத் தூக்கி எறிந்து கூவினார்கள்.

"ஒண்ணும் மாறலை," என்றார் லாவ்ரிச். "அதே கிராகுல்தான். அதே மாதிரி இருக்கணும்னுதான் முழுசா மாத்தியிருக்கோம்."

ஸ்லாவ்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒரு ஜோடி வேணும்."

"எதும்மா?" என்றாள் கடைப்பெண்.

"எது இருக்கோ அது."

அக்கார்டியன் நின்றது. கூடாரத்திலிருந்த தலைகள் எல்லாம் கடைக்குள் திரும்பின.

"எண்பத்தெட்டு இனிமே கிடையாதுங்க. தொண்ணூறு வாங்கணும்னா ஆறுதல் வகுப்புல உட்கார்ந்திருக்கணும். துக்கத்துல இருக்கிறவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எனக்குத் துக்கமெல்லாம் இல்லைம்மா."

"முதல்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க."

லாவ்ரிச்சே இறங்கி வந்து அவள் தோளில் கை வைத்தார். "டாக்டர், பனியைப் பத்தி உங்க தத்துவம் என்ன?"

"மேலேருந்து கீழே வருவேன்."

அவர் காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் லிஃப்ட்ல மேலே போவேன்."

லாவ்ரிச் கடைப்பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். வகுப்பில் பிப்ரவரி வரை இடமில்லை என்று சொல்லி ஸ்லாவ்காவை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் எங்கள் சறுக்குச் சங்கம் இரண்டாகிவிட்டது. தலைவர் ராதோவான் கோஷிர் எண்பத்தெட்டுப் பக்கம். நீர்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் நாற்காலியில் இரண்டு பேர் இடத்தில் ஒருவராக உட்காருவார். தொண்ணூறு அறிவித்த அன்றே தலைநகர் லூப்லியானா வரைக்கும் போய்க் கடைகளில் மிச்சமிருந்த எண்பத்தெட்டுகளை எல்லாம் வாங்கி வந்து, முட்டைக்கோஸ் ஊறல் வைக்கும் நிலவறையில் அடுக்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் வயிற்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு முழங்கினார்:

"இடுப்பு பெருத்தா ஒழுக்கம் போச்சு! இன்னைக்கு ரெண்டு மில்லிமீட்டர்ங்குறான். விட்டா நாளைக்கு? ஒரு வரம்பு வேண்டாமா மனுஷனுக்கு?"

தொண்ணூறுக்காரர்களுக்குத் தலைமை நெவென்கா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஸ்லாவ்காவின் உயிர்த்தோழி. சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் மேலே வந்து, ஒரே தடத்தில் கீழே போய், மலைமேல் இருக்கும் சாப்பாட்டுக் குடிலில் ரம் ஊற்றிய ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். நெவென்கா ஆறுதல் வகுப்பின் முதல் அணியிலேயே சேர்ந்து, முகமெல்லாம் ஒளியாகத் திரும்பி வந்தாள்.

"இத்தனை வருஷமா சரிவுல நான் திரும்பவே இல்லைடி ஸ்லாவ்கா. திரும்பினதா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"திரும்பாமலா ஒரு தடவைகூட மரத்துல மோதாம வந்தே?"

"உனக்குப் புரியாது. நீ இன்னும் அந்தப் பக்கம் இருக்கே."

ஜனவரியில் லிஃப்டுக்கு இரண்டு வரிசை வந்தது. குடிலிலும் இரண்டு பக்கம். சன்னலோரம் எண்பத்தெட்டு, அடுப்போரம் தொண்ணூறு. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக இருந்த குடும்பத்தில் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றன. சமையல்காரி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பானையிலிருந்து ஊற்றினாள். அதையும் ஒருவர் கண்டுபிடித்துப் புகார் செய்தார்.

ஸ்லாவ்காவுக்கு உட்கார இடமில்லை. அவளிடம் இருந்ததே ஒற்றைப் பலகை.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பெலாவாவின் சோதனை ஓட்டக்காரன் ஒருவன் தொண்ணூறை உலகிலேயே முதல் ஆளாக ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பி, முதல் வளைவிலேயே பாறையில் மோதி ஒன்றை முறித்திருந்தான். முறியாததை என் அறைக்குப் பின்னால் வீசிவிட்டுப் போனான். அதை நான் ஸ்லாவ்காவுக்குக் கொடுத்தேன். உடைந்த பலகையிலிருந்து, காலணியைப் பிடித்துக்கொள்ளும் பூட்டைக் கழற்றி அவள் இதில் மாட்டினாள். இடது காலில் எண்பத்தெட்டு, வலது காலில் தொண்ணூறு. கீழே போய்த் திரும்பி வந்தாள்.

"எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"குளிருது," என்றாள்.

மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் கோஷிர் அவள் கால்களைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த சறுக்குக் கழி நழுவி விழுந்தது. அன்று மாலையே சங்கக் குழு கூடியது. டிசம்பருக்குப் பிறகு இரு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"எந்தக் கால் உங்க உண்மையான கால்?" என்று கோஷிர் ஆரம்பித்தார்.

"ரெண்டுந்தான்."

"தட்டிக் கழிக்காதீங்க. ஓட்டும்போது உங்க மனசாட்சி எந்தப் பக்கம் சாயுது?"

"எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம்."

நெவென்கா அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் கேட்டாள்: "இடது திருப்பத்துக்கும் வலது திருப்பத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலைன்னு இந்தச் சபை முன்னாடி சொல்றியா?"

"இடது பக்கம் திரும்பினா குடில் தெரியும். வலது பக்கம் திரும்பினா உங்க வீடு தெரியும்."

குழுவில் ஒருவர் தனக்குத் தூக்கம் போய் ஒரு மாதமாகிறது என்றும் இந்தப் பெண் சாவகாசமாக நடந்து போவதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்றும் சொன்னார். மற்றவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். முடிவு ஒருமனதாக இருந்தது: கால்கள் இரண்டும் உடன்பாட்டுக்கு வரும்வரை டாக்டர் ஸ்லாவ்கா சங்கத்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார். லிஃப்டில் ஏறும் உரிமையும் போயிற்று. ஏனென்றால் லிஃப்ட் சங்கத்துடையது. கை தூக்கியவர்களில் நெவென்காவும் உண்டு. கொஞ்சம் தாமதமாகத் தூக்கினாள், ஆனால் தூக்கினாள்.

வெளியே வந்ததும் ஸ்லாவ்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், நான்தானே? என்னைத் தெரியுதா உனக்கு?"

"தெரியுது. அதனாலதான் வலிக்குது," என்று சொல்லிவிட்டு நெவென்கா தொண்ணூறுக்காரர்களின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றுதான் ஸ்லாவ்கா அழுதாள் என்று அவள் கணவன் பிறகு சொன்னான். பலகைக்காக இல்லை.

அதற்குப் பிறகு அவள் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவின் ஓரமாக நடந்தே மேலே வருவாள். அவள் தலைக்கு மேல் நாற்காலிகள் காலியாகப் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தி அவளை ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை. டீ கொடுப்பதற்கு அதிகாரம் தேவைப்படவில்லை.

மார்ச்சில் கோஷிர் ஓர் அறிவிப்புச் செய்தார். எண்பத்தெட்டின் மேன்மையைத் தாமே பகிரங்கமாக நிரூபிக்கப் போகிறார். மலையின் வடக்கு முகத்தில், கண்ணாடி மாதிரி உறைந்த சரிவில். இரு தரப்பும் ஓரங்களில் கூடிவிட்டார்கள். கோஷிர் உச்சியில் நின்று பேசினார். பேச்சு ஓட்டத்தைவிட ரொம்ப நீளம். கடைசி வாக்கியம் இது: "பார்த்துக்கோங்க, இந்த இடுப்புக்கு என் உடம்பே சாட்சி!"

இரண்டாவது திருப்பத்தில் விழுந்தார். பாதிச் சரிவு வரை முதுகாலேயே சறுக்கி வந்தார். பலகைகள் கழன்று தனியாக, ஒழுங்காக, ஒரு தடங்கலும் இல்லாமல் பள்ளத்தாக்குக்கே போய்விட்டன. அவர் முழங்காலுக்குக் கீழே கால் வேறு ஒரு திசையைக் காட்டியது.

மீட்புக்காரர்களின் சறுக்கு வண்டி யாரோ சுற்றுலாக்காரியை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. அவர் பக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தவள் ஸ்லாவ்கா. நடந்து ஏறிக்கொண்டிருந்ததால் அவள்தான் அருகில் இருந்தாள்.

"அசையாதீங்க," என்று சொல்லிக் கழியை முறித்துக் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினாள். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்: "நாலு பலகை கொடுங்க! சேர்த்துக் கட்டி இவரைப் படுக்க வச்சு இறக்கணும்!"

எண்பத்தெட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எண்பத்தெட்டா கேக்கிறாங்க?"

"கீறல் விழுந்தா? இனிமே கிடைக்காதே!"

"தலைவரே இதை ஒத்துக்க மாட்டாரு," என்றார் தபால் அதிகாரி. தன் பலகைகளைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

தலைவர் கீழே முனகிக்கொண்டிருந்தார். அவர் நிலவறையில் அடுக்கி வைத்திருந்தவை முட்டைக்கோஸோடு பத்திரமாக இருந்தன.

ஸ்லாவ்கா தன் இரண்டையும் போட்டாள். தொண்ணூறுக்காரர்கள் பக்கமும் அசைவில்லை. பிறகு ஒருத்தி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக இறங்கி வந்தாள். நெவென்கா. தன் பலகைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் மண்டியிட்டு, கழிகளைக் குறுக்கே வைத்து, கம்பளித் துண்டுகளால் கட்டினார்கள். கோஷிர் கண்ணைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

"இதுல மூணு தொண்ணூறு!"

"ஆமா."

"என்னை இதுல ஏத்தாதீங்க! என் கொள்கை..."

"தலைவரே," என்றாள் ஸ்லாவ்கா, முதுகிலிருந்த மருந்துப் பையைத் திறந்துகொண்டே. "என்கிட்ட ஒரு ஊசி இருக்கு. காளைங்களைப் படுக்க வைக்கிறதுக்கு. எடையைப் பார்த்தா உங்களுக்கு அளவு சரியா இருக்கும்."

கோஷிர் ஏறிப் படுத்துக்கொண்டார்.

முன்னால் இரண்டு பெண்களும் குதிகாலை ஊன்றி ஊன்றித் தடுக்க, லிஃப்டை நிறுத்திவிட்டு ஓடி வந்த நான் பின்னால் கயிற்றைப் பிடிக்க, அவரை இறக்கினோம். பாதி வழியில் நெவென்கா மூச்சிரைக்கக் கேட்டாள்: "நிஜமாவே உனக்கு வித்தியாசம் தெரியலையா?"

"இப்பத் தெரியுது. மூணும் ஒண்ணுமா இருந்தா கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது."

"அது தலைவரோட வயிறுடி."

பின்னால் கயிறு பிடித்துக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது. கோஷிர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சங்கம் விசாரணை நடத்தியது. பலகை தன் கடமையைச் செய்தது, கால்தான் தவறியது என்று தீர்ப்பாயிற்று. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கோஷிர் அதை வரவேற்றார். "என் எலும்பு பழைய மாடல். அதை ஒத்துக்கிறதுல எனக்கு வெட்கம் இல்லை," என்றார். ஸ்லாவ்காவுக்கு நன்றி சொல்லும் யோசனை வந்தது. நிறுத்தி வைக்கப்பட்டவருக்கு நன்றி சொல்ல விதியில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் லாவ்ரிச் அவளைத் தேடிப் பண்ணைக்கே வந்துவிட்டார். பளபளக்கும் காலணியோடு தொழுவத்து வாசலில் நின்றார். ஸ்லாவ்காவின் கை தோள் வரை ஒரு பசுவுக்குள் இருந்தது.

"டாக்டர், ஒரு கால்ல எண்பத்தெட்டு, ஒரு கால்ல தொண்ணூறு. ரெண்டுக்கும் நடுவுல நீங்க என்ன உணர்றீங்க?"

"நடுவுலயா?" அவள் யோசித்தாள். "பசி."

லாவ்ரிச்சின் கண்கள் கலங்கிவிட்டன. "பசி," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்.

மார்ச் முடிவதற்குள் மறுபடியும் கூடாரம், அக்கார்டியன், தீர்த்தச் செம்பு. துணி விலகியபோது உள்ளே கிராகுல் எண்பத்தொன்பது.

"மக்களோட பசி எங்களுக்குக் கேட்டுச்சு," என்றார் லாவ்ரிச். "நாம தேடினது நடுவுலதான் இருந்திருக்கு. அது எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா ரெண்டு பக்கமும் வித்து முடிக்காம நடுவுக்கு வர்றது நேர்மையா இருக்காதில்லையா?"

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. எண்பத்தெட்டுக்காரர்களுக்கு ஒரு மில்லிமீட்டரும் துரோகம்தான். தொண்ணூறுக்காரர்களுக்கோ, குளிர்காலம் முடிவதற்குள் தங்கள் பலகை பழையதாகிவிட்டது. தபால் அதிகாரி எழுந்து தொண்ணூறுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் லாவ்ரிச்சைப் பார்த்து ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னார்கள். டிசம்பரிலிருந்து பிரிந்து கிடந்த ஊர் ஒரு நொடியில் சேர்ந்துவிட்டது. குடிலில் மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். கணவன்மார் மனைவிகளிடம் திரும்பினார்கள். எண்பத்தொன்பதைத் தொடுகிறவனுக்கு ஊரில் இடமில்லை என்று தீர்மானம் போட, ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பொதுக்கூட்டம். தலைமை, கட்டுப் போட்ட காலோடு கோஷிர். கூட்டறிக்கையை வாசிப்பது நெவென்கா.

சனிக்கிழமை இரவெல்லாம் பனி கொட்டியது. அந்த வருஷத்துக் கடைசிப் பனி அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் வெயில் வந்தபோது மலை முழுக்க ஒரு தடம்கூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. கீழே சீட்டுப் பார்ப்பவர் முதல் சமையல்காரி வரை எல்லாரும் மண்டபத்தில். லிஃப்ட் எனக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லாவ்கா வந்தாள். ஏறக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. ஏறி வந்தாள்.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். அறிக்கையில் துரோகம் என்று போடுவதா பெருந்துரோகம் என்று போடுவதா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசிக்க எழுந்து நின்ற நெவென்கா சன்னல் வழியே மலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மூக்குக் கண்ணாடியை வண்டியில விட்டுட்டேன், எடுத்துக்கிட்டு வந்துடறேன்," என்றாள். கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது. பெருந்துரோகத்துக்குக் கை தூக்கும் மும்முரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அவள் மேலே வந்து நாற்காலியிலிருந்து இறங்கியபோது ஸ்லாவ்கா சரிவின் விளிம்பில் நின்றிருந்தாள். நெவென்கா பக்கத்தில் போய் நின்றாள். முழங்கால் வரை பனி. இரண்டு பேர் காலிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

"அன்னைக்குக் கை தூக்கினேன்டி," என்றாள் நெவென்கா.

"பார்த்தேன். லேட்டாத்தான் தூக்கினே."

"கோபம் இல்லையா?"

"இருக்கு. கீழே போய்ப் பேசிக்கலாம். வெயில் ஏறுது."

நெவென்கா கழிகளைப் பனியில் ஊன்றினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. எண்பத்தொன்பது போட்டிருக்கேன். முந்தாநாள் வாங்கினேன்."

ஸ்லாவ்கா தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா? திரும்பும்போது முனையில ஒரு மாதிரி..." என்று நெவென்கா ஆரம்பித்தாள்.

அதற்குள் ஸ்லாவ்கா பாதிச் சரிவு இறங்கியிருந்தாள்.